சாம்பல் நிறத்தில் மூன்று துண்டு

பிப்ரவரி 20

தம்பிக்கு,

நலமா என்று கேட்பது முறை. கேட்டதாக வைத்துக்கொள். நான்கு வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். எழுத்து பூசணிக்காய் அளவுக்கு இருக்கும், பொறுத்துக்கொள். இரண்டு கோட்டுக்கு ஒரு வரி என்று எழுதுகிறேன்.

என் வலது கண்ணுக்குக் கருவிழி மாற்றிவிட்டார்கள். இன்றோடு ஆறு வாரம். யாரோ ஒரு புண்ணியவான் செத்துப்போகும்போது கொடுத்துவிட்டுப் போன கருவிழி. யார் என்று சொல்ல மாட்டார்களாம். கூடப் பிறந்தவன் செய்யாததை முகம் தெரியாத ஒருவர் செய்திருக்கிறார்.

எனக்குப் பார்வை எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அப்பாவோடு வளர்ந்தவன். லாரி ஓட்டிய மனிதர், கடைசிப் பத்து வருடம் பல்புக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். எனக்கும் அதேதான். குளியலறைச் சன்னலுக்குப் போடும் கண்ணாடி இருக்கிறதே, அதன் வழியாகத் தெருவைப் பார்க்கிற மாதிரி. ஆள் வருவது தெரியும், யார் என்பதை நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெயிலில் போனால் வெளிச்சமெல்லாம் கண்ணுக்குள்ளேயே சிதறி எல்லாம் வெள்ளையாகிவிடும். எந்த நிறத்தைப் பார்த்தாலும் அதில் ஒரு கரண்டி பாலை ஊற்றிக் கலக்கினது போல இருக்கும். இதெல்லாம் போதாதென்று, சில நாள் காலையில் கண்ணைத் திறந்தால் இமையோடு தோலும் உரிந்து வருகிற மாதிரி ஒரு வலி. அந்த வலி உனக்கு ஞாபகம் இருக்கும். இருக்க வேண்டும்.

டாக்டரம்மா படம் எடுத்துக் காட்டினார். கருவிழி முழுக்க ரொட்டித் தூளைச் சிந்தினது போல வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறது. "இது உங்க அப்பா வழியா வந்தது. பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு வரலாம். கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்றார். "ஒருத்தன் இருக்கான். அவனுக்கு அம்மா கண்ணு" என்று, நீ எப்போதும் சொல்லிக்கொள்வதை அப்படியே சொன்னேன்.

பதினாறு தையல் போட்டிருக்கிறார்கள், தலைமுடியைவிட மெல்லிய நூலில். இத்தனை வருடம் தைத்த துணிகளுக்கு நடுவில் வாழ்ந்தவள் நான், என்னையே தைத்தபோது பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன். அந்தத் தொழிற்சாலையில் ஷேட் மேசை என்னுடையது. பத்தொன்பது வருடம். வருகிற ஒவ்வொரு துணிச் சுருளிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, விளக்குப் பெட்டிக்குள் வைத்து, நிறம் ஒத்துப்போகிறவற்றை அட்டையில் 'அ' என்றும், மயிரிழை மாறினாலும் 'ஆ' என்றும் ஒட்டிப் பிரிப்பேன். அங்கே இருந்த முப்பத்திரண்டு பெண்களும் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறகு ஒரு நாள் நாலாயிரம் சாம்பல் நிறக் கோட்டு திரும்பி வந்தது. உடம்பு ஒரு சாம்பல், கை வேறொரு சாம்பல். முதலாளி எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டபோது, கட்டிங் சூப்பர்வைசர் தொண்டையை அடைத்துக்கொண்டு முன்னால் வந்து சொன்னார்: "அக்காவுக்குக் கண்ணு போய் ரொம்ப நாளாச்சு சார். கூடப் பொறந்தவன், எந்த வாயால சொல்றதுன்னு இருந்தேன்."

அந்த வாய் உன்னுடையது.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனென்றால் நானே நம்பிவிட்டேன். என் கண் சரியில்லை என்பது உண்மைதானே, அப்படியானால் தப்பும் என்னுடையதாகத்தான் இருக்கும் என்று. அன்றிலிருந்து பைகளுக்குக் காது தைக்கிறேன், வீட்டில் உட்கார்ந்து, விரலால் தடவித் தடவி. வேலை விட்டு அந்தப் பெண்கள் வருகிற நேரத்தில் பெரிய தெருப் பக்கமே தலைகாட்டுவதில்லை. பின் சந்து வழியாகத்தான் கடைக்குப் போகிறேன்.

முதலாளி என்மேல் எறிந்தாரே அந்த ஷேட் அட்டை, அது என்னிடம்தான் இருக்கிறது. பெட்டியின் அடியில். இன்னும் நாலு மாதத்தில் கண்ணாடி கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு முதலில் எதைப் பார்க்கப்போகிறேன் என்று நீயே யோசித்துக்கொள்.

இப்படிக்கு,
பார்வை வந்துகொண்டிருக்கிற அக்கா


மார்ச் 2

என் உயிருக்கு உயிரான அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். என் அக்கா எனக்கு எழுதிவிட்டாள் என்று வீட்டுக்காரியிடம் நாலு தடவை சொன்னேன். கண் நல்லபடியாக வந்துவிட்டது என்று கேட்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குப் புரியாது. நீ படுத்திருந்தபோது பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்பதுதான் மனதை அறுக்கிறது. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் ஓடி வந்திருக்க மாட்டேனா.

இங்கே எனக்கு மூச்சுவிட நேரமில்லை. இப்போது தையல், கட்டிங் இரண்டு தளத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். முதலாளி எதற்கெடுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார். பெருமைக்குச் சொல்லவில்லை, நீ சந்தோஷப்படுவாய் என்று சொல்கிறேன்.

அக்கா, உன் தம்பியாக ஒன்று கேட்கிறேன். அந்தப் பழைய அட்டையை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய். குப்பையில் போடு. புதுக் கண் கிடைத்திருக்கிறது, நல்லதாக நாலு பார். பூவைப் பார், வானத்தைப் பார். நடந்தது நடந்துவிட்டது, கிளறினால் புழுதிதான் கிளம்பும். உன்மேல் எனக்கு அன்றைக்கும் வருத்தமில்லை, இன்றைக்கும் இல்லை.

டாக்டர் சொன்னதைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு ஒரு குறையும் கிடையாது, அம்மா கண்ணேதான்.

உன் அன்பை மறக்காத,
தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

பூவைப் பார்த்தேன். வானத்தையும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நீ சொன்ன வேலையை முடித்துவிட்டுத்தான் என் வேலைக்கு வந்தேன்.

கண்ணாடி போன வாரம் வந்தது. எல்லாம் துல்லியமாக வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தையல் இன்னும் முழுக்கப் பிரிக்கவில்லை, அதனால் சுவரின் ஓரம் லேசாக வளைந்து நிற்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் மெலிந்த எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எதிர் வெயில் இன்னும் குத்தும். ஆனால் அறுவைக்கு முன் ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டிய கண் சோதிக்கும் அட்டையில் மேலே இருக்கும் ஒற்றை எழுத்தைக்கூடக் கிட்டப் போய்த்தான் படித்தேன். இப்போது தள்ளி நின்று ஆறாவது வரியில் மூன்று எழுத்து படிக்கிறேன். டாக்டரம்மாவின் மேல்சட்டையில் காலர் பட்டன் ஒன்று வேறு நூலில் தைத்திருந்தது. சொல்லிவிட்டேன். "உங்களுக்கு நல்லாவே தெரியுதும்மா" என்று சிரித்தார்.

என் முகத்தையும் பார்த்தேன். இந்த ஐம்பது வயதுக்காரி யார், எப்போது என் வீட்டுக்குள் வந்தாள் என்று இருந்தது. அது போகட்டும்.

இப்போது அட்டை.

காலை பத்து மணிக்கு, வெயில் நேராக விழாத சன்னல் பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நிறம் பார்க்க அதுதான் சரியான வெளிச்சம், உனக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். 'அ' வரிசையில் பதினாலு துண்டு. வலது கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் அறுக்காத இடது கண்ணால் பார்த்தேன். பதினாலும் ஒன்றுதான், பால் ஊற்றின சாம்பல். பிறகு இடதை மூடிக்கொண்டு வலதால் பார்த்தேன். பதினோரு துண்டு ஒரே சாம்பல். கடைசி மூன்று மட்டும் பச்சை ஓடுகிற சாம்பல். ஒரு குழந்தைகூடப் பிரித்து வைக்கும்.

அந்த மூன்றுக்கும் கீழே பென்சிலில் 'அ' என்று எழுதியிருக்கிறது. பதினொன்றில் என் எழுத்து. மூன்றில் உன் எழுத்து. உன் 'அ' எனக்குத் தெரியாதா. பலகையில் கையைப் பிடித்து எழுதப் பழக்கினது யார்?

அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. அன்றைக்குக் காலையில் எனக்கு அந்த வலி வந்தது. பஞ்சை வைத்துக் கண்ணை அழுத்திக்கொண்டு மேசைமேல் சாய்ந்திருந்தேன். நீ வந்து தோளைத் தொட்டு, "நீ போய்ப் படு அக்கா, மீதி மூணு சுருள்தான, நான் பாத்துக்கறேன்" என்றாய். எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா. இந்த நான்கு வருடத்தில், அந்தத் தொழிற்சாலையில் எனக்கு ஒரு நல்லது நடந்தது என்று நினைத்துக்கொண்டால் அந்த ஒரு வார்த்தையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

வலது கண்ணை மூடினால் நீ என் தம்பி. திறந்தால் என் வாயில் மண்ணைப் போட்டவன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால், முப்பத்திரண்டு பேரும் மெஷினில் இருக்கும்போது, அன்றைக்கு எங்கே நின்றாயோ அங்கேயே நின்று சொல்ல வேண்டும். அந்த மூன்று துண்டையும் வெட்டி ஒட்டியது நான், அக்கா இல்லை என்று. முதலாளி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வதெல்லாம் செல்லாது. ஆகஸ்ட் ஒன்று வரை பொறுப்பேன். இல்லையென்றால் அட்டை முதலாளிக்குத் தபாலில் போகும். நீ இரண்டு தளத்தையும் தலையில் சுமந்தது போதும் என்று அவரே இறக்கி வைப்பார்.

அக்கா


ஜூன் 25

அக்காவுக்கு,

கண் புதுசாகிவிட்டது, புத்தி பழசாகவே இருக்கிறது. நாலு வருடத்துக்கு முந்தின துணி, பெட்டிக்குள் கிடந்து நிறம் மங்காமல் இருக்குமா? பூச்சி மருந்து உருண்டை பட்டாலே சாயம் மாறும், இது உனக்குத் தெரியாததில்லை. பென்சிலில் கிறுக்கின ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு கூடப் பிறந்தவன்மேல் கொலைப்பழி சுமத்துகிறாய்.

சரி, நீ சொல்கிறபடியே வைத்துக்கொள்வோம். அட்டையின் அடியில் யார் கையெழுத்து? உன்னுடையது. "சரிபார்த்தேன்" என்று எழுதி, தேதி போட்டு, நீ போட்டது. முதலாளி கேட்கிற முதல் கேள்வி அதுதான். அப்போது என்ன சொல்வாய்?

நான் சண்டைக்கு எழுதவில்லை. பேக்கிங் பகுதியில் பெட்டி மடிக்கிற வேலை ஒன்று இருக்கிறது, உட்கார்ந்தே செய்யலாம். நான் சொன்னால் நடக்கும். எங்களோடு வந்து இரு. அதைவிட்டு ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்க வேண்டும் என்று நீ நினைத்தால் நான் என்ன செய்ய.

தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

முதலில் உன் கேள்விக்குப் பதில். ஆமாம், கையெழுத்து என்னுடையதுதான். மறுநாள் காலை வீங்கின கண்ணோடு வந்து, அட்டை முடிந்திருப்பதைப் பார்த்து, ஒரு துண்டைக்கூடத் திரும்பப் பார்க்காமல் போட்டேன். வேறு யார் வெட்டியிருந்தாலும் பதினாலையும் பிய்த்துப் போட்டு மறுபடி பார்த்திருப்பேன். வெட்டியது தம்பி என்பதால் போட்டேன். அது என் தப்பு. முதலாளி கேட்டால் அதையும் சொல்வேன். என் தப்புக்கு நான் நாலு வருடம் அனுபவித்தாயிற்று. உன் தப்புக்கு உனக்குக் கிடைத்தது இரண்டு தளம்.

பேக்கிங்கில் பெட்டி மடிக்க வேண்டுமாம். உன் வாயில் நல்ல வார்த்தை வருகிறதா பார்க்கிறேன்.

அடுத்தது, உன் கடிதத்தைப் பற்றி. மார்ச்சில் வந்ததைப் பெட்டியிலிருந்து எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன். அப்போது எனக்குக் கண்ணாடி இல்லை, கீழ் வீட்டு லாண்டரிக்காரர்தான் படித்துக் காட்டினார். அதனால் கவனிக்கவில்லை. இப்போது பார்க்கிறேன். வரி ஒவ்வொன்றும் வலது பக்கமாகச் சரிந்து கீழ் வரிமேல் ஏறியிருக்கிறது. ஜூன் கடிதம் அட்டைப்பெட்டியில் எண் போடுகிற தடிப் பேனாவில் எழுதியது. 'அக்கா' என்ற சொல்லை ஒரு இடத்தில் எழுதினதற்கு மேலேயே மறுபடி எழுதியிருக்கிறாய்.

இது அம்மா கண் இல்லை. இது யார் கண் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்டுபிடித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னேன். டீ போட்டுக் குடித்தேன், அன்றைக்கு அது தனி ருசியாக இருந்தது. நீ எதையெல்லாம் பார்க்கிறாய் என்று எனக்கு அத்துபடி. தளத்தில் டியூப்லைட்டைச் சுற்றிப் பஞ்சு பூத்திருக்கும். படிக்கட்டில் கடைசிப் படி எது என்று காலால் துழாவுவாய். எதிரே யாராவது சிரித்தால் யாரென்று தெரியாமல் நீயும் சிரித்து வைப்பாய். காலையில் கண்ணைத் திறக்காமலே கொஞ்ச நேரம் படுத்திருப்பாய், இன்றைக்கு வலி வருமா வராதா என்று. வந்தால் வீட்டுக்காரிக்குத் தெரியாமல் குளியலறையில் போய் நிற்பாய். முதலாளிக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்தால் நீ என்னைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தையை உன்னைப் பற்றி யாராவது சொல்வார்கள். உனக்குத்தான் கூடப் பிறந்தவர் அங்கே யாரும் இல்லை, தொண்டையை அடைத்துக்கொண்டு சொல்ல.

ஆக, எனக்கு இப்போது தபாலில் அனுப்ப இரண்டு விஷயம் இருக்கிறது. ஆகஸ்ட் ஒன்று என்பது ஆகஸ்ட் ஒன்றுதான்.

இன்னொன்று. இதைப் பழி வாங்கச் சொல்லவில்லை. கட்டிங் மேசைப் பக்கம் போகாதே. அந்தக் கத்தி ஓடும்போது எனக்கு வெறும் வெள்ளிக் கோடாகத்தான் தெரியும், பிறகு அதுவும் தெரியாமல் போயிற்று. உன் கை போனால் அது உன் பாடு. வேறு எவனுடைய கையோ போனால் அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா,

இந்தக் கடிதத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று. வரி ஏறி இறங்கியிருக்கும். உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது.

ஜூலை கடைசி வாரம் நீ சொன்ன மாதிரியே நடக்கப் பார்த்தது. துணி அடுக்கை நேராக்கிக்கொண்டிருந்த பையனின் கை மேசையில் இருந்தது எனக்குத் தெரியவில்லை. சாம்பல் துணி, சாம்பல் கம்பிக் கையுறை. கத்தி பிடித்திருந்தவனிடம் "ஓட்டுப்பா" என்று சொல்லிவிட்டேன். கத்தி கையுறையில் உரசி நின்றது. விரல் தப்பியது. அந்தப் பையன் என்னைப் பார்த்தான். எப்படிப் பார்த்தான் என்று எனக்குத் தெரியவில்லை, முகம் தெரியவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள், சாப்பாட்டு மணிக்கு முன்னால், மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். அதே இடத்தில்தான் நின்றேன். "அந்த நாலாயிரம் கோட்டு கெட்டுப்போனது என்னாலதான். மூணு துண்டையும் வெட்டி ஒட்டினது நான். அக்கா அன்னைக்கு உடம்பு முடியாம படுத்திருந்தாங்க" என்றேன். சொல்லிவிட்டு, தலை வெடித்துவிடும் என்று நின்றேன்.

யாரோ சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கடைசியில் பட்டன் மெஷின் அம்மா இருக்கிறார்களே, அவர்கள்தான் பேசினார்கள். "அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும் சார். நீங்க ஷேட் மேசையில நின்னு வெட்டுனதை எல்லாரும்தான பாத்தோம்."

"அப்ப ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க சூப்பர்வைசர். எங்களுக்கும் வேலை வேணுமே சார்" என்றார்கள். அதற்குள் மணி அடித்தது, எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

பிறகு முதலாளியிடம் போய் என் கண்ணைப் பற்றியும் சொன்னேன். இரண்டு தளத்திலிருந்தும் எடுத்துவிட்டார். கண் சரியானால் வா, பார்க்கலாம் என்றார். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்கவில்லை, ஆனால் சொல்கிறேன். அன்றைக்கு விளக்குப் பெட்டியில் அந்த மூன்றும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. கோட்டு திரும்பி வந்தபோதுதான் என் கண்ணும் போய்விட்டது என்று எனக்கே புரிந்தது. பயந்துவிட்டேன். உன் கண் எல்லோருக்கும் தெரிந்த கண். என் கண் யாருக்கும் தெரியாது. போனது ஒருவர் கண்ணாகவே இருக்கட்டும், இரண்டு பேருக்கும் ஏன் வேலை போக வேண்டும் என்று அப்போது தோன்றியது. அப்படித் தோன்றினது எவ்வளவு கேவலம் என்று அப்போதும் தெரிந்தது.

உன் டாக்டரம்மாவையே போய்ப் பார்த்தேன். என் கண்ணில் விளக்கை அடித்ததுமே, "உங்க அக்கா இங்க வந்திருக்காங்களா?" என்றார். இரண்டு கண்ணும் மாற்ற வேண்டும், முதலில் வலது. இந்த மாதம் 28ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட வேண்டுமாம். வீட்டுக்காரிக்குக் கண் என்றாலே பயம். மருந்துக்கடையில் ஒரு சாதாரணச் சொட்டு வாங்கி ஒத்திகை பார்த்தோம். அவள் தன் கண்ணை மூடிக்கொண்டு விடுகிறாள். மூன்று சொட்டு மூக்கில் விழுந்தது, ஒன்று காதுக்குப் போனது.

உன்னைக் கூப்பிட எனக்கு என்ன தகுதி இருக்கிறது. இருந்தாலும் கூப்பிடுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் பை தைக்கவில்லை.

அவர்களுக்கு அன்றைக்கே தெரியுமாம். முப்பத்திரண்டு பேருக்கும். நான் அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று நாலு வருடம் பின் சந்தில் சாக்கடை ஓரமாகக் கால் வைத்து நடந்திருக்கிறேன். ஒருமுறை சந்தை முனையில் பட்டன் மெஷின் அம்மாவின் குரல் கேட்டு, ஒரு சைக்கிள் கடைக்குள் நுழைந்து, வேண்டாத பம்பு ஒன்றுக்கு விலை விசாரித்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சாப்பிடப் போயிருக்கிறார்கள். நீ சொன்னால் என் பெயர் திரும்பி வரும் என்று நினைத்தேன். என் பெயர் அங்கேயே பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளத்தான் நான் அங்கே இல்லை.

எனக்கு உன்மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்திருக்கும் என்று எதிர்பார்க்காதே. இரட்டிப்பாகிவிட்டது. நான் பழி வாங்கப் பார்த்து வைத்திருந்த இடம் காலியாக இருந்ததே, அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. அவர்களையும் ஒரு நாள் போய்ப் பார்ப்பேன். வேலை விடுகிற நேரத்தில், பெரிய தெருவில், வாசலுக்கு நேராக நிற்பேன். ஒன்றும் பேச மாட்டேன். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன், இப்போது எனக்குத் தெரிகிறது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முப்பத்திரண்டு பேரிடம் சொன்னாய். முதலாளியிடம் சொன்னாய். டாக்டரம்மாவிடம்கூட ஏதோ சொல்லியிருப்பாய், அவர் போன வாரம் என்னைப் பார்த்த பார்வை அப்படி இருந்தது. என்னிடம் நீ இன்னும் சொல்லவில்லை. அவர்களிடம் சொன்னதைத்தான் எனக்குச் செய்தியாக எழுதியிருக்கிறாய்.

28ஆம் தேதி வருகிறேன். சொட்டு மருந்து நான் விடுகிறேன். உன் வீட்டுக்காரியை அந்தப் பக்கமே விடாதே, காதுக்குள் மருந்து ஊற்றியே உன்னைச் செவிடாக்கிவிடுவாள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணைத் தேய்க்கக் கூடாது, தூங்கும்போது கண்மேல் மூடியைக் கட்டாமல் படுக்கக் கூடாது. முகத்தில் தண்ணீர் படாமல் நான் துடைத்துவிடுவேன். கண் சிவந்தால், வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை குறைந்தால் அந்த நிமிடமே என்னிடம் சொல்ல வேண்டும். வழக்கம்போல மறைத்தால், அந்தச் செத்த புண்ணியவான் கொடுத்ததை உன் உடம்பு ஏற்காமல் தள்ளிவிடும். முதல் இரண்டு மாதம் உலகம் கோணலாகத்தான் தெரியும், அதற்காக அழாதே.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டால் உன்னைப் போல முட்டாள் கிடையாது.

ஒரு நாளைக்கு எட்டுத் தடவை மருந்து. ஒவ்வொரு தடவையும் நான் பாட்டிலைக் கையில் எடுத்ததும், நீ என் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "அந்த மூணு துண்டையும் வெட்டினது நான், அக்கா." முதல் வாரம் என் முகம் உனக்குப் புகையாகத்தான் தெரியும், பரவாயில்லை, குரல் வருகிற பக்கம் பார்த்துச் சொல். அதன் பிறகு நாளுக்கு நாள் தெளியும். கண் தெரியும், மூக்கு தெரியும், நாலு வருடத்தில் என் முகம் என்ன ஆகியிருக்கிறது என்று தெரியும். அப்போதும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பாட்டில் மூடியைத் திறப்பேன்.

எத்தனை நாளைக்கு என்று கேட்காதே. போதும் என்று எனக்கு என்றைக்குத் தோன்றுகிறதோ அன்றைக்கு நிறுத்தலாம். ஒரு வாரத்தில் தோன்றலாம். உன் இரண்டாவது கண்ணுக்கும் மருந்து விட்டு முடித்த பிறகும் தோன்றாமல் போகலாம்.

கை கழுவ நல்ல சோப்பாக வாங்கி வை. எனக்குச் சன்னல் பக்கம் படுக்கை வேண்டும்.

அக்கா